பழைய ராணுவ ஆஸ்பத்திரியின் பாதரசம்

மும்பையில் தேவ்நார் பக்கம் ஒரு பழைய ராணுவ ஆஸ்பத்திரியை இடித்தபோது, உள்ளே கிடந்த இரும்பையும் பித்தளையையும் பிரிக்கும் வேலை எனக்கு வந்தது. தாராவியில் எங்களுக்குப் பழைய சாமான் பிரிக்கிற பங்கார் தொழில். எதைப் பார்த்தாலும், உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்றுதான் புத்தி போகும்.

வாசல் வாட்ச்மேன் மராட்டியர். கதை கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். உலகப் போரில் அடிபட்ட சிப்பாய்களுக்காக வெள்ளைக்காரன் கட்டிய ஓட்டுக் கொட்டகைகளாம். போர் முடிந்ததும், பிரிவினையில் ஓடிவந்தவர்கள் கட்டில்களுக்கு நடுவே சேலையைத் தடுப்பாகக் கட்டிக் குடியிருந்தார்களாம். பிறகு காசநோய் வார்டு. கடைசியில் பூட்டு.

ஸ்டோர் அறையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவிகள் அடுக்கியிருந்தன. சிலவற்றின் கண்ணாடிக் குழாயை உடைத்து, பாதரசத்தைப் பாட்டிலில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இது சாமி சரக்குலே! இத இறுக்கி ரசமணியா கட்டி, பொறக்கப்போற பிள்ளைக்கு அரைஞாண்ல போட்டா காத்து கருப்பு அண்டாது."

மனைவிக்கு அப்போது ஏழு மாதம். மறுநாளிலிருந்து அம்மா தினமும் பாதரசத்தைக் குப்பைமேனிச் சாற்றோடு இரும்புக் கரண்டியில் விட்டு ஸ்டவ்வில் காய்ச்சினாள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். நானும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

மூன்று வாரம் கழித்து, மீதிக் கருவிகளை நான் உடைப்பதை வாட்ச்மேன் பார்த்துவிட்டார். பைத்தியமா உனக்கு என்று கத்தினார்.

"அரே, பாகல் ஹை க்யா? ஜஹர் ஹை யே, விஷம்!"

அவருடைய அப்பா அங்கே வார்டு வேலை பார்த்தவர். சிந்திய பாதரசத்தைத் துடைத்துத் துடைத்தே கை நடுக்கம் கண்டு, டீ கிளாஸைப் பிடிக்கக்கூட முடியாமல் போனாராம். அது கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகி மூச்சில் போகும், சூடாக்கினால் கேட்கவே வேண்டாம் என்றார்.

போன் செய்தேன், மனைவி எடுக்கவில்லை. கோவண்டி ஸ்டேஷனுக்கு ஓடி ரயில் ஏறினேன். சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

வீட்டில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். அம்மா கரண்டியை நீட்டினாள். அடியில் மிளகளவு உருண்டது.

"எவ்வளவு கொறைஞ்சிருக்கு பாருலே. சாமி எடுத்துக்கிடுதாருல்லா."

பத்துக்குப் பத்து அறை, ஜன்னல் கிடையாது. எடுத்துக்கொண்டது நாங்கள் மூவரும், வயிற்றில் இருந்த பிள்ளையும்தான். திருட்டுச் சாமான், போலீஸ் தேடுகிறது என்று பொய் சொல்லி அதை வாங்கிக்கொண்டு போனேன்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. ஓடுகிறாள், சிரிக்கிறாள். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. "நீயும் லேட்டாதாம்லே பேசுன" என்கிறாள் அம்மா. மனைவி அதை நம்புகிறாள். டாக்டரிடம் போனால், வீட்டுக்கு நான் கொண்டுவந்தது விஷம் என்பதை மனைவியின் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த வாரம் போகலாம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.