கதவுக்கு முட்டுக் கொடுத்த மணல்

ஐயா, அல்லது அம்மையீர், இந்தத் தாள்கள் எவ்வழியாகத் தங்கள் கைக்கு வந்திருந்தாலும், சற்றே அமர்ந்து வாசிக்க வேண்டுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவனல்லன். பொட்டலத் தாள்களிலும் வேதாகமத்திலும் எழுத்துப் பழகியவன். ஆகவே நடையில் பிழை இருப்பின் பொறுத்தருள்க. செய்தியில் பிழை இல்லை.

தமிழருக்கும் மலையாளிகளுக்கும் இடையே எல்லைப் போராட்டம் நடந்த ஆண்டுகளில் பாறசாலை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் நான் வேலை செய்தேன். பேருந்துகளையும் லாரிகளையும் பழுது பார்க்கும் பட்டறை அது. மணலடிப்பது என் வேலை. டீசல் எஞ்சினில் ஓடும் கம்பிரசர் காற்றை அழுத்தித் தரும். அந்தக் காற்றோடு மணலைக் குழாய் வழியே பீய்ச்சினால், துரு உரிந்து இரும்பு வெளுத்து வரும். முகத்தில் ஈரத் தோர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு குழாயைப் பிடித்து நிற்க வேண்டும்.

அதற்கு மணலைத் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை ஒன்றுமன்று. மணல்மணிக்குக் கூர்முனை இருக்கிறதா, உப்பு இல்லாமல் இருக்கிறதா, பட்ட மாத்திரத்தில் புழுதியாகிப் போகாமல் தாங்குகிறதா என்று பார்த்தால் போதும். சோற்றுக்கு அரிசி பார்த்து வாங்கத் தெரிந்தவர் எவருக்கும் இது வசப்படும். எங்கள் ஊரார் அந்நாளில் மணலிடம் வேறொரு கேள்வி கேட்டார்கள். நீ எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

மொழிக்காக அடிபட்டவர்களையும் சிறை சென்றவர்களையும் நான் இழிவாகப் பேச வரவில்லை. அவர்கள் வேறு. அவர்களுடைய நிழலில் நின்று மீசை முறுக்கிய கூட்டம் ஒன்று இரு பக்கத்திலும் இருந்தது. கடையடைப்பு நாளில் வீட்டுக்குள் தாழிட்டுக் கிடந்துவிட்டு, மறுநாள் தேநீர்க்கடையில் தொண்டை கிழியப் பேசும் கூட்டம். என் பேச்சு அவர்களைப் பற்றியது.

பக்கத்தில் கொல்லயில் என்ற ஊரில் ஓர் அம்மையார் இருந்தார். கணவர் ஒரே ஒரு பேருந்தை விட்டுவிட்டு இறந்துபோனார். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே ஓடிய அந்த வண்டி, அவர் போனபின் தென்னந்தோப்பில் மழையைக் குடித்துக்கொண்டு நின்றது. அடிச்சட்டம், வில்பட்டைகள், சக்கர வட்டங்கள் எல்லாம் துரு. தகுதிச் சான்று தரும் அதிகாரி மாதக் கடைசியில் பார்வையிட வருவார் என்று தகவல் வந்தது. அதில் வண்டி தேறாவிட்டால் பெர்மிட் போய்விடும். அந்தத் தடத்துக்கு வேறொரு முதலாளி வாய் பிளந்து காத்திருந்தார். வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலைமை.

வண்டியை எங்கள் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடவே அம்மையாரின் கொழுந்தனாரும் வந்தார். தமிழர் பக்கத்துக் கூட்டங்களில் மேடையேறுபவர். மணல் தொட்டியில் எட்டிப் பார்த்தார்.

“இது எங்க உள்ள மணலு?”

“நெய்யாத்து மணலாக்கும்,” என்றேன்.

“எலே, எனக்க அண்ணனுக்க வண்டியில அந்த மணலு படப்பிடாது. தெக்க கடப்புறத்து மணலு கொண்டு வா. அதாக்கும் நம்ம மணலு.”

கொட்டகையை நடத்திய மேஸ்திரி நெய்யாற்றின்கரை மலையாளி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

“கடல்மணலோ? என்றே கொட்டகையில் அது கேறில்ல. ஆற்றுமணல் மதி. நம்முடே ஆறு, நம்முடே மணல்,” என்று, ஆற்றுமணலே போதும் எனத் தடுத்துவிட்டார்.

வேடிக்கையைக் கவனியுங்கள். நெய்யாற்றின்கரை தாலுகா நமக்கே வேண்டும் என்று மேடையில் முழங்கியவர் கொழுந்தனார். அதே தாலுகாவின் ஆற்றுமணல் அவருக்கு அந்நியமாகிவிட்டது. குமரிமுனை வரை ஒரே நாடு, ஓர் அங்குலம் விடமாட்டோம் என்று பேசியவர் மேஸ்திரி. அந்த நாட்டின் கடல்மணல் அவருக்கு அயல்சரக்காகிவிட்டது. நிலம் வேண்டும், அந்த நிலத்தின் மண் வேண்டாம்! இப்படிப்பட்ட மூளைகளை நம்பித்தான் இரு தரப்பிலும் ஜனங்கள் கொடி பிடித்தார்கள்.

நாட்கள் போயின. வண்டி நின்றது. குழாய் ஆணியில் தொங்கியது. ஒருநாளாவது இரண்டு மணலையும் ஒரு தகரத்தில் அடித்துப் பார்ப்போம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இரண்டும் உதவாதவை என்பது வேறு விஷயம். ஆற்றுமணல் உருண்டு தேய்ந்தது, அதில் சேறும் உண்டு. பட்டவுடன் பொடிந்து, அடிப்பவன் நெஞ்சுக்குள் போய்ப் படியும். கடல்மணலில் பாதி சிப்பித்தூள், மீதியில் உப்பு.

கடைசியில் தேநீர்க்கடையில் சமாதானம் பேசினார்கள். அங்கே எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் ஒரு வக்கீல் குமாஸ்தா, இரு தரப்புக்கும் பங்கம் வராத தீர்ப்பைக் கண்டுபிடித்தார். ஒரு கடவக்கூடை ஆற்றுமணல், ஒரு கடவம் கடல்மணல், சமமாகக் கலப்பது. அனைவரும் மெச்சினார்கள். கொழுந்தனாரும் மேஸ்திரியும் பக்கத்தில் நின்று, மற்றவருடைய ஓலைக்கடவம் தன்னுடையதைவிடப் பெரியதாக இல்லையே என்று பார்த்துப் பார்த்துக் கொட்டச் செய்தார்கள்.

அந்தக் கலவையை நான் அடித்தேன். சேறு குழாய் முனையை அடைத்தது. குத்திக் குத்தி எடுத்து, ஒருவழியாய் அடிச்சட்டத்தை வெளுக்க வைத்தேன். மறுநாள் காலை கொட்டகையைத் திறந்தபோது சட்டம் முழுவதும் செம்மஞ்சளாய்ப் பூத்திருந்தது. உப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. பழைய துரு போய்ப் புதுத்துரு வந்திருந்தது.

அம்மையார் வந்தார். சட்டத்தின் மேல் ஒரு விரலை இழுத்தார். சிவந்த விரலை இருவருக்கும் காட்டினார்.

“இது யாருக்க மணலு செய்த வேல?”

“ஆத்து மணலுல ஈரம் உண்டும் மைனி,” என்றார் கொழுந்தனார்.

“சேச்சி, கடலுப்பு! ஞான் அன்னே பறஞ்ஞதல்லே?” என்று தாம் முன்பே சொன்னதை நினைவூட்டினார் மேஸ்திரி.

“பெயிண்ட் அடிச்சா தெரியாது மைனி,” என்றார் கொழுந்தனார் மறுபடியும்.

“அதிகாரி சுத்தியலு வச்சுத் தட்டிப் பாப்பாரு. உம்ம பேச்சு அந்நேரம் கேக்காது,” என்றார் அம்மையார். பிறகு என்னிடம் திரும்பினார். “மக்கா, இங்க வேற மணலு ஒண்ணும் இல்லியா?”

இருந்தது. கொட்டகையின் தகரக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதிருக்க ஒரு சாக்கு மணலை முட்டுக் கொடுத்திருந்தோம். தென்கடற்கரையில் கனிமத்துக்காகக் கரிமணல் பிரிப்பவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிக் கொட்டிய செம்மணல். ஒரு லாரிக்காரர் வண்டியைக் கழுவும்போது இறக்கிவிட்டுப் போனது. மாதுளை முத்தின் நிறம், இரும்பின் கனம். தினமும் அதைக் காலால் தள்ளித்தான் எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

அம்மையார் ஒடிந்த வில்பட்டை ஒன்றை எடுத்துப் போட்டார். “மூணையும் இதுல அடி. கண்ணு உள்ளவிய பாத்துக்கிடட்டு,” என்றார்.

அடித்தேன். ஆற்றுமணல் புகைந்தது. கடல்மணல் கீறியது. செம்மணல் துருவைச் சீவி எடுத்தது, புழுதியும் இல்லை. கீழே விழுந்ததை அள்ளிச் சலித்தால் மீண்டும் அடிக்கலாம் போலிருந்தது.

மேஸ்திரியும் கொழுந்தனாரும் முதன்முறையாக ஒரே குரலில் கேட்டார்கள், “இது எந்தப் பக்கத்து மணலு?”

“கதவுக்கு முட்டுக் குடுத்த மணலு,” என்றார் அம்மையார்.

அந்தச் செம்மணலிலும் கடலின் உப்பு உண்டு. அதை அவர் நாக்கில் ஒரு மணி வைத்துப் பார்த்தே அறிந்துகொண்டார். லாரிக்காரரிடம் சொல்லி இன்னும் சில சாக்குகள் வரவழைத்து, தம் வீட்டுக் கிணற்றடியில் கொட்டி, உப்புக் கரிப்பது நிற்கும்வரை நீர் இறைத்து இறைத்து அலசினார். நெல் அவிக்கும் வார்ப்பு அண்டாவை அடுப்பிலேற்றி, ஈரம் போக வறுத்தார். அதை அடித்துச் சட்டத்தை மறுபடி வெளுக்க வைத்தேன். பித்தளைப் பாகங்களுக்கு எந்த மணலும் ஆகாது என்று நான் சொன்னபோது, தேங்காய்ச் சிரட்டையை உரலில் இடித்துச் சலித்துத் தந்தார். அது பித்தளையைக் கீறாமல் அழுக்கை மட்டும் எடுத்தது.

கொழுந்தனார் வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

“மைனி, வீட்டுல இருந்து மணலு வறுக்கியளே, ஆளுவ என்ன நினைப்பினும்?”

“மேடையில வறுக்க ஆளு உண்டு, வீட்டுல வறுக்க ஆளில்லன்னு நினைப்பினும். வாரும், கெணத்துல ஒரு தொட்டி வெள்ளம் கோரித் தாரும்.”

அவருக்கு அவசரமான கூட்டம் ஒன்று நினைவு வந்தது. போய்விட்டார். மேஸ்திரியோ, மணல் எதுவாயினும் கம்பிரசர் தம்முடையதுதானே என்று சொல்லிக்கொண்டு, நிழலில் பீடி புகைத்தார்.

அதிகாரி வந்தார். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். சுத்தியலால் சட்டத்தைத் தட்டினார், வில்பட்டைகளைத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் அம்மையாரின் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். ஜெபமாக இருக்கலாம். அதிகாரி எழுந்து, முழங்காலைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். எந்த மணல் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஊரில் அந்த வாரம் அதைக் கேட்காத ஒரே ஆண்மகன் அவர்தான்.

வண்டி ஓடியது. பின்னர் எல்லைக்கோடும் விழுந்தது, எங்கள் பக்கம் கேரளத்தோடு நின்றது. கொழுந்தனார் தெற்கே ஒரு மேடையில், நம் கடற்கரை மணல்தான் ஒரு விதவையின் வண்டியை உயிர்ப்பித்தது என்று பேசியதை என் காதால் கேட்டேன். மேஸ்திரி நெய்யாற்றின்கரைச் சந்தையில், கழுவியது நம்முடைய வெள்ளம், அந்தக் கிணற்றின் ஊற்று நம்முடைய ஆற்றினுடையது என்று சொன்னதையும் கேட்டேன். ஒருவருக்கு மணல் கிடைத்தது, மற்றவருக்கு நீர் கிடைத்தது. இறைத்த கையையும் வறுத்த கையையும் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கொதித்துப்போய் அம்மையாரிடம் சொன்னேன்.

“சொல்லட்டு மக்கா. வண்டி ஓடுதில்லியா?” என்றார்.

அவருடைய பெருந்தன்மை எனக்கு இல்லை. சென்ற ஆண்டு அவரை அடக்கம் செய்தோம். கொழுந்தனார் தள்ளாத வயதிலும் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று, அந்த வண்டிக்கு மணல் தேடித் தந்தவன் நான் என்றார். சபையார் தலையசைத்தார்கள். எதிர்த்துப் பேச நான் எழுந்தேன். பாட்டு தொடங்கிவிட்டது.

ஆகவே எழுதி வைக்கிறேன். அந்த மணலைத் தேர்ந்தெடுத்தவர் அந்த அம்மையார், கழுவியவர் அவர், வறுத்தவர் அவர். மற்ற இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஐயா, அம்மையீர், இந்தத் தாள்களைத் தயவுசெய்து எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.