இரண்டு அமாவாசைத் தெருவில் பஸ் வந்தது

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றுக்குத்தான் தகவல் போகும். மூளைக்குச் செய்தி சேர்வதற்குள் வயிறு தன் முடிவை எடுத்துவிடும். திருத்தணியில் எங்கள் பழைய தெருவுக்குப் பஸ் கேட்டு அலைந்த நாட்களில் இந்த வயிறு என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. வேறு என்னவோ வரப் பார்த்தது.

எழுபதுகளின் பிற்பாதி. ரயிலடியிலிருந்து மலையடிக்குப் போகும் பழைய வழி எங்கள் தெருதான். ஒரு காலத்தில் ரயிலை விட்டு இறங்கும் காவடிகளும், மொட்டை போட வந்த குடும்பங்களும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் முருகனிடம் போயாக வேண்டும். பிறகு ஊருக்கு அந்தப் பக்கமாக அகலமான ரோடு ஒன்று வந்தது. பஸ் அந்தப் பக்கம் போயிற்று. பஸ் போன பக்கம் பக்தர்கள் போனார்கள், பக்தர்கள் போன பக்கம் பூக்கடை போயிற்று, பூக்கடை போன பக்கம் டீக்கடையும் போயிற்று. தெருவின் நடுவளைவில் இருந்த சத்திரத்தில் வௌவால்கள் குடியேறின. நான் தையல்காரன். என் கடையில் மிஷின் ஓடிய சத்தத்தைவிட நான் கொட்டாவி விட்ட சத்தம்தான் அதிகம்.

ஆனால் நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு கோடையில் தெருவே திரண்டு சத்திரத்தில் புகுந்தது. வௌவால்களுக்குப் புகை போட்டோம். அவை கிளம்பிய வேகத்தில் முதலில் வெளியே ஓடிவந்தது நான்தான் என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். ஓடியது உண்மை. முதலாவதாக என்பது பொய், என் பின்னாலிருந்த வளையல்காரர் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே போனார். சுண்ணாம்பு அடித்தோம். சாக்கடைக்குக் கல் மூடி போட்டோம். தெலுங்கில் எழுதி வெளுத்துப்போயிருந்த பழைய கடைப் பலகைகளை அப்படியே மறுபடி எழுதி, கீழே தமிழிலும் எழுதினோம். இட்லிக்கடை திறந்தது, துண்டு வேட்டிக் கடை திறந்தது. சத்திரத்து முகப்பில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காரப் பலகைகூடப் போட்டுவிட்டோம். தெரு மாப்பிள்ளை மாதிரி நின்றது. பஸ்தான் வரவேண்டும்.

டெப்போவில் போய்க் கேட்டால் ஒரே பதில். "சத்திரத்து வளைவுல வண்டி திரும்பாது."

டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர் என் அக்காவின் புருஷன், என் பாவா. அவர்தான் வழி சொன்னார். "வளைவை அளந்துகினு வா. நம்ம மைதானத்துல அதே மாதிரி டிரம் வெச்சு ஓட்டிப் பாத்துடலாம். ஆனா ஒண்ணு. தெருவுக்குள்ள சோதனை ஓட்டம் ஒரே ஒரு தபாதான். திரும்பாதுன்னு மேனேஜர் எழுதிட்டாருன்னா, உன் பேரன் வந்து கேட்டாலும் அதே காகிதத்தைக் காட்டுவாங்க."

அளப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? கழுத்தில் தொங்கும் இன்ச் டேப். தெருவில் மண்டியிட்டு, வளைவுக்குத் தோள், கழுத்து, இடுப்பு எல்லாம் எடுத்தேன். "கொஞ்சம் லூசா தைப்பா, வளர்ற தெரு" என்று இட்லிக்கடைக்காரர் தன் வாசலில் நின்று கத்தினார்.

டெப்போவுக்குள் நான் நுழைந்தது அதுவே முதல்முறை. வெளியே நின்று திருப்பதி பஸ்ஸுக்கு முண்டியடித்த எனக்கு, பஸ்ஸுக்கும் ஒரு வீடு உண்டு, அங்கே அது குளிக்கும், குடிக்கும், வைத்தியம் பார்த்துக்கொள்ளும் என்பது தெரியாது. ஒருவர் குழாயைப் பிடித்து ஒரு பஸ்ஸை யானை மாதிரி கழுவிக்கொண்டிருந்தார். இன்னொருவர் சுத்தியலால் சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். ஓரமாக ஊர்ப்பெயர்ப் பலகைகள் அடுக்கியிருந்தன. காஞ்சிபுரத்தின் மேல் சித்தூர் படுத்திருந்தது, சித்தூரின் மேல் ஒரு பூனை படுத்திருந்தது.

"கீழ எறங்கிப் பாரு, பஸ்ஸோட வயிறு தெரியும்" என்றார் பாவா. தரையில் நீளமாக ஒரு குழி, அதன் மேல் ஒரு பஸ் நின்றது. இறங்கினேன். அடடா, அந்தக் குழாய்களும் கம்பிகளும்! சட்டையைத் திருப்பிப் போட்டால் தையல் தெரிவதுபோல எல்லாம் தெரிந்தது. ரசித்துக்கொண்டிருந்தபோது மேலே யாரோ எஞ்சினைக் கிளப்பினார்கள். பூமி உறுமியது. "பாவா!" என்று அலறிக்கொண்டு எழுந்தேன். தலை எதிலோ இடித்தது, அந்த எதிலிருந்தோ எண்ணெய் சொட்டியது. வெளியே வந்தபோது என் வெள்ளைச் சட்டை பாதி கறுப்பாக இருந்தது.

"இன்னாபா, மையிட்டுகினு வந்துட்டே?" என்றார் மீசைக்கார டிரைவர் ஒருவர். அவர்தான் எங்கள் தெருவில் ஓட்டிப் பார்க்கப் போகிறவர்.

மைதானத்தில் காலி எண்ணெய் டிரம்களையும் தேய்ந்த டயர்களையும் வைத்து எங்கள் தெருவைக் கட்டினோம். இந்த டயர் இட்லிக்கடை, அந்த டிரம் வளையல் கடை. சத்திரத்துத் தூணுக்கு மட்டும் டிரம் பற்றவில்லை.

"நீயே தூணா நில்லு" என்றார் பாவா.

நின்றேன். பஸ் வந்தது. தூரத்தில் வரும்போது அது பஸ். பக்கத்தில் வந்ததும் அது மலை. மலை என் பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. வயிறு முடிவெடுத்தது.

"டேய், தூணு ஓடுதுடா!" என்று டெப்போவே சிரித்தது.

"அட வண்டி நல்லா திரும்புச்சுய்யா, சத்திரம்தான் நிக்க மாட்டேங்குது" என்றார் டிரைவர், ஜன்னலில் தலையை நீட்டி.

சத்தம் கேட்டு மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். சிரிக்காத மனிதர். மறுபடி ஓட்டச் சொன்னார். இந்த முறை பாவா என் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் ஒரு டயரையும் தொடாமல் திரும்பிப் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள்.

"சரி, தெருவுல பாத்துடுவோம்" என்றார் மேனேஜர். "ஆனா ரோடு காலியா இருக்கணும். வண்டியைப் பாதியில ரிவர்ஸ் எடுக்க வெச்சீங்கன்னா அத்தோட முடிஞ்சுது. எந்த நாள் காலியா இருக்கும்?"

அதை அன்று மாலையே தெருவில் கூடிப் பேசினோம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி. விடிந்ததும், தறியில் ஏற்றப்போகிற பாவு நூலைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, நடுநடுவே மூங்கில் தாங்கல் கொடுத்து, கஞ்சி தடவி, பிரஷ்ஷால் நீவிக் காயவைப்பார்கள். ஈரம் காய்வதற்குள் பாவு தொய்ந்தால் நூலோடு நூல் ஒட்டிக்கொள்ளும், பிறகு அழுதாலும் பிரியாது. அதனால் காலை வேளையில் எங்கள் தெருவில் நாய்கூட ஓரமாகத்தான் போகும். அமாவாசையன்று மட்டும் தறிக்கு ஓய்வு. பாவு கிடையாது. தெரு காலி.

"அமாவாசை!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். கீழ்க்கோடியில் இருந்த தமிழ் வீடுகளும் சொல்லின, வளைவுக்கு அந்தப் பக்கம் மேல்கோடியில் இருந்த தெலுங்கு வீடுகளும் சொல்லின. எதற்கும் ஒத்துப்போகாத தெரு அன்றைக்கு அப்படி ஒத்துப்போனதைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் டெப்போவில் சொன்னேன். மேனேஜர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

அந்த நாள் வந்தது. ரயிலடியில் காலி பஸ் நின்றது. முன் சீட்டில் மேனேஜர், பக்கத்தில் பாவா, கதவருகே கண்டக்டர், நடுவில் எண்ணெய்க் கறை போகாத அதே சட்டையில் நான். டிரைவர் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினார். கிளம்பினோம்.

கீழ்க்கோடியைப் பார்க்க வேண்டுமே! வாசலெல்லாம் மஞ்சள் நீர் தெளித்து, ஆண்கள் சலவை வேட்டியில், பெண்கள் தலைநிறையப் பூவில். ஒரு வீட்டில் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். பஸ்ஸுக்குப் பொட்டு எங்கே வைப்பது என்று குழம்பி கடைசியில் முன்விளக்குகளுக்கு வைத்தார்கள். எனக்கு நானே தேரில் போவதுபோல இருந்தது. வளைவு வந்தது. டிரைவர் மீசையைக் கடித்துக்கொண்டு ஒடித்தார். உண்மையான தூண் என்னைவிடத் தைரியசாலி, அசையாமல் நின்றது. பஸ் திரும்பியது! கீழ்க்கோடி விசிலடித்தது.

திரும்பியதும் டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

எதிரே, மேல்கோடி நெடுக, வெள்ளைவெளேரென்று ஈரப் பாவு.

என் வயிறு பஸ்ஸை விட்டு இறங்கியது. அதன் பின்னால் நானும் இறங்கி ஓடினேன். பாவின் முனையில் மேல்கோடியின் மூத்த நெசவாளர், நாங்கள் எல்லோரும் நைனா என்று கூப்பிடுகிறவர், நிதானமாகக் கஞ்சி நீவிக்கொண்டிருந்தார்.

"நைனா! இன்னா இது? இன்னைக்கு அமாவாசை!"

பிரஷ் நிற்கவில்லை. "உங்க அமாவாசை இன்னைக்கு. எங்கள்து நாளைக்கு."

"அமாவாசையில இன்னா உங்கள்து எங்கள்து? நிலா ஒண்ணுதானே நைனா!"

"ஆங், நிலா ஒண்ணுதான். பஞ்சாங்கம் ரெண்டாச்சே."

அந்த மாதம் பார்த்து அமாவாசை உச்சிப்பொழுதுக்குச் சற்று முன் பிறந்து மறுநாள் விடிந்த பிறகு முடிகிறதாம். நண்பகலில் இருக்கும் நாள்தான் கணக்கு என்று கீழ்க்கோடி. சூரியன் எழும்போது இருக்கும் நாள்தான் கணக்கு என்று மேல்கோடி. பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில் விழுந்துவிடும் என்பதால் யாரும் யோசிக்கவே இல்லை. அன்று கூட்டத்தில் ஒரே குரலில் கத்தியவர்கள் ஆளுக்கொரு அமாவாசையைக் கத்தியிருக்கிறார்கள்.

மேனேஜர் படிக்கட்டில் வந்து நின்றார். "ரோடு காலின்னு சொன்னீங்களே?"

"காலிதான் சார். கொஞ்சம் நூலு மட்டும்..."

"ரிவர்ஸ் எடுக்கலாமா?" என்றார் டிரைவர்.

ரிவர்ஸ் எடுத்தால் எல்லாம் போயிற்று. சத்திரம் மறுபடி வௌவாலுக்கு. ஓடிப்போய்ப் பாவு கட்டியிருந்த முடிச்சில் கையை வைத்தேன்.

"கை வெச்சே, உன் மிஷினைத் தூக்கிக் கெணத்துல போட்டுடுவேன்!" என்று நைனா கத்தியதில் பஸ் எஞ்சினே ஒரு கணம் அடங்கியது போலிருந்தது.

அப்போது நைனாவின் மனைவி கஞ்சிச் சட்டியோடு நடுத்தெருவுக்கு வந்தார். வளைவில் கூடி நின்ற கீழ்க்கோடி ஆண்களைப் பார்த்தார். "இத்தினி ஆம்பளைங்க வெள்ளை வேட்டி கட்டிகினு வேடிக்கை பாத்துகினு கீறீங்களே! பாவைக் கழட்டத்தான் கூடாது. தூக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? அப்படியே தூக்கி ஓரமா வைங்கப்பா!"

எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். நைனா பாவைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். "தொய்ஞ்சுதுன்னா ஒருத்தனையும் வுட மாட்டேன்" என்றார். அதுதான் சம்மதம்.

அமாவாசைக்காக ஓய்வில் இருந்த கீழ்க்கோடி, அமாவாசை இல்லாத மேல்கோடியின் பாவுக்குக் கை கொடுத்தது. இரண்டு முனையிலும் நெசவாளர்கள் முளைக்கட்டையோடு பிடுங்கி இழுத்துப் பிடித்துக்கொள்ள, தாங்கலுக்கு ஒருவராக நாங்கள் நுழைந்தோம். "இழு! இழுத்துப் புடி! ஏய் வளையலு, உன் பக்கம் தாழுது!" நைனா கத்தக் கத்த, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, சுவரோடு முதுகை ஒட்டி நின்றோம். பாவு எங்கள் நெஞ்சோடு சாய்ந்தது. சலவை வேட்டியெல்லாம் கஞ்சி.

பஸ் கிளம்பியது. கண்டக்டர் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியை மடக்கிப் பிடித்தார். பாவா பின்னோக்கி நடந்தபடி துண்டை ஆட்டி வழி காட்டினார். பஸ் என் மூக்குக்கு எதிரே வந்தபோது, அந்தப் பாழும் மூக்கு அரித்தது. இரண்டு கையும் மூங்கிலில். அடக்கினேன், அடக்கினேன், தும்மிவிட்டேன்.

"யாருடா அது?" என்று நைனா அலறினார். ஆனால் பஸ் போய்விட்டது. அதன் பின்பக்கம் பாவின் கடைசித் தாங்கலைத் தாண்டி மலையடி ரோட்டில் ஏறியதும் இரண்டு கோடியும் சேர்ந்து போட்ட கூச்சலில், மலைமேல் குரங்குகள் எழுந்து உட்கார்ந்திருக்கும். நைனா பாவு நெடுக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்து நின்றார். "ஒரு எழை அறுந்துகீது. தும்முன ஆளுகிட்ட" என்று சொல்லி அங்கேயே முடிச்சுப் போட்டார்.

மேனேஜர் மலையடியில் இறங்கித் திரும்பி நடந்து வந்தார். இந்தக் கூத்து தினமும் நடக்காது என்று என்ன சொல்லி நம்பவைப்பது? அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. பாவில் ஒரு விரலை வைத்துப் பார்த்தார்.

"இது எப்போ காயும் பெரியவரே?"

"நல்ல வெயிலா இருந்தா, இட்லிக்கடைக்காரன் அடுப்பை அணைக்கறதுக்குள்ள சுருட்டிடுவோம்."

"அப்போ முதல் சிங்கிள் டிரிப்பை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்" என்றார் மேனேஜர். சிரிக்காத அந்த மனிதர் விரலில் ஒட்டிய கஞ்சியைத் துடைக்க இடம் தேடி, கடைசியில் என் சட்டையைத் தேர்ந்தெடுத்தார்.

அப்படித்தான் எங்கள் தெரு பஸ்ஸுக்கு நேரம் குறித்தார்கள். எல்லாத் தடத்துக்கும் கடிகாரம், எங்கள் தடத்துக்குக் கஞ்சி. மூட்டமான நாட்களில் டிரைவர் வளைவிலேயே நிறுத்தி, "நைனா, காஞ்சுதா?" என்று ஹாரனோடு கேட்பார்.

முதல் நாள் ஓட்டத்துக்கு ரயிலடியில் பக்தர்கள் காத்திருந்தார்கள். பாவம், அவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. கீழ்க்கோடி, மேல்கோடி இரண்டும் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஏறியிருந்தன. எனக்கும் உட்கார இடமில்லை. யாருடைய பூக்கூடையிலோ முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றேன். அவரவர் வீடு வந்தபோது ஜன்னல் வழியே அவரவர் வீட்டைப் பார்த்து, "அதோ நம்ம ஊடு! நம்ம ஊடு!" என்று கத்தினார்கள், ஏதோ டில்லியைப் பார்த்ததுபோல.

மலையடியில் பஸ் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை.

"மலையடி வந்தாச்சு, எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

"எங்களுக்கு இங்க வேலை இல்லீங்க" என்றார் வளையல்காரர்.

"பின்ன எதுக்கு ஏறுனீங்க?"

முன் சீட்டிலிருந்து நைனாதான் பதில் சொன்னார்.

"திரும்பிப் போவறதுக்குத்தான். சீட்டு கிழிப்பா."