மூன்று ஒட்டுக் காகிதங்கள்

லேத் பட்டறையில் அவரை எல்லாரும் 'உப்புத்தாள்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு அப்படி, பட்ட இடம் எரியும். இருபத்தாறு வருஷமாக இரும்பு கடைகிற ஆள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் கடைந்த தண்டின் மேல் விரலை ஓட்டினால் போதும், மயிரிழை மேடு இருந்தாலும் சொல்லிவிடுவார்.

காலையில் வந்ததும் மிஷினை இருபது நிமிஷம் சும்மா ஓட விடுவார். குளிர்ந்த மிஷினில் வேலையை வைத்தால் அளவு தப்பும். முதலாளியே அவசரப்படுத்தினாலும், "சூடேறட்டும். இல்லேன்னா நீங்களே கடைஞ்சுக்குங்க" என்பார்.

அவ்வளவு தெரிந்த மனுஷன் பெற்ற மகளிடம் கோட்டை விட்டார்.

மகள் ஏழாம் வகுப்பு. இரண்டு வருஷமாக வலிப்புக்கு ராத்திரி மாத்திரை. காலை பத்து மணிவரை கண் திறந்திருக்கும், ஆள் இருக்காது. கணக்குப் பாடமோ தினமும் முதல் மணி. பரீட்சைக்குப் பரீட்சை கணக்கில் சறுக்கினாள். இது சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டி, ஐந்து மணிக்கே எழுப்பி வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தார். தலை சாய்ந்தால் ஒரு அதட்டல். ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை, பதினான்காம் வாய்ப்பாட்டின் நடுவில் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது.

"தூக்கம் கெடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?" என்று டாக்டர் ஏசினார். "பத்து மணிக்கு மேலதான் இவளுக்குத் தலை தெளியும். படிப்பெல்லாம் அதுக்கப்புறம் வச்சுக்குங்க." அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள். "மிஷினுக்குக் கொடுக்கிற மரியாதையில பாதியைப் பொண்ணுக்குக் கொடுத்திருக்கலாம்."

இரண்டு நாள் தன் மேலேயே காறித் துப்பாத குறையாகத் திரிந்தார். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தப் பருவமும் கணக்கில் தேறாவிட்டால் ஆறாம் வகுப்புக்கு இறக்கப்படுவாள். கோபம் அப்போதுதான் இடம் மாறியது.

மறுநாள் காலை மகளைத் தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார்.

"டீச்சர், இவ காலையில பத்தரைக்கு வரட்டும். பக்கத்துப் பிரிவுல மத்தியானம் ரெண்டு மணிக்குக் கணக்கு நடக்குது. அங்க போய் உக்காரட்டும். அந்த நேரம் இவ வகுப்புல ஓவியம். அது போனா போகுது."

தலைமையாசிரியை டாக்டர் சீட்டைப் படித்து, நாலாய் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஐயா, அட்டவணை அறுநூறு பிள்ளைகளுக்கும் பொது. வருஷ ஆரம்பத்துல போட்டா போட்டதுதான். ஒருத்திக்காக வளைஞ்சா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க."

"அறுநூறு பேருக்கும் ஒரே அளவு செருப்பு வாங்கிப் போடுவீங்களா?"

"இது பள்ளிக்கூடம். செருப்புக் கடை இல்ல."

"செருப்புக் கடைக்காரன் காலைப் பார்த்துட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறான்."

அந்த அம்மா முகம் சுண்டியது. உப்புத்தாள் எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த பெரிய அட்டவணையிடம் போனார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கட்டம் கட்டமாக விரலை நகர்த்தினார். ஏழாம் வகுப்பு, முதல் மணி. விரல் நின்றது. மேடு. இன்னும் இரண்டு கட்டத்திலும் மேடு.

"போட்டது போட்டதுதான்னு சொன்னீங்க. இதுல மூணு ஒட்டு இருக்கே?"

"அது நிர்வாகக் காரணம்."

முதல் மணி ஒட்டின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினார். மேலே 'கணக்கு', அடியில் 'ஓவியம்'.

"அப்போ கணக்கு முதல்ல மத்தியானந்தான் இருந்திருக்கு. காலைக்கு எதுக்கு வந்துச்சு?"

தலைமையாசிரியை மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "இவ வகுப்புக் கணக்கு சார் ரெண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கணும். கேட்டாரு, மாத்தினோம்."

"பஸ்ஸுக்கு வளையுது. மாத்திரைக்கு வளையாதா?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் வெளியே தள்ளியிருப்பார்கள்.

"நகத்தை எடுங்க, கிழிஞ்சிடப் போகுது" என்றார் தலைமையாசிரியை. பிறகு, "ஒரு பருவம் பார்ப்போம். பத்தரைக்கு வரட்டும், ரெண்டு மணிக்குப் பக்கத்துப் பிரிவு. தேறலேன்னா இறக்கறதுதான்."

"எழுதிக் கொடுங்க."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"பசை காயற வரைக்கும் இல்ல."

எழுதி, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். மணி ஒன்பதேகால். மகள் பையை மடியில் அணைத்தபடி, சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மணியடிக்கிற ஆள் சுத்தியலோடு வந்தார். "எழுப்புங்கண்ணே. ரெண்டாவது மணி அடிக்கப் போறேன்."

"நீ அடிப்பா, அது உன் வேலை. இவளை யாரும் எழுப்பக் கூடாது."

மணி அடித்தது. அவள் அசைந்து, மறுபடி உறங்கினாள். அப்பாவின் பல் இன்னும் நறநறத்துக்கொண்டுதான் இருந்தது. பாக்கெட்டில் போன் அதிர்ந்தது, முதலாளி.

"எங்கய்யா இருக்கே? வேலை காத்துக் கிடக்குது."

"காத்துக் கிடக்கட்டும். பத்து மணிக்கு மேல வரேன்" என்று போனை வைத்துவிட்டு, மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.