பீரோவில் பூட்டிய ஸ்பீக்கர்கள்

கண் தெரியாதவர்களுக்கென்று திறந்த இணைய அறையில் பெரிய பெரிய கலர் மானிட்டர்களை வரிசையாக வைத்துவிட்டு, ஸ்பீக்கர்களையெல்லாம் பீரோவில் போட்டுப் பூட்டிய புத்திசாலிகளை நான் தண்டலத்தில்தான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவன்தான். அதற்காக அந்தச் சொல்லைக் கண்ணுள்ளவர்கள் பேருக்கே பட்டா எழுதிக் கொடுத்துவிட முடியாது.

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள் அவை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எங்கே திரும்பினாலும் ஒரு கம்பெனி முளைத்துக்கொண்டிருந்தது. அப்படி முளைத்த ஒன்று, சமூக சேவை என்று கொடுத்த அறை அது. திரையில் இருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளையும் கணினிகளில் போட்டிருந்தார்கள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த, மூக்கால் பேசுகிற ஒரு குரல். அது வாயைத் திறந்தால்தான் எங்களுக்குக் கணினி. திறக்காவிட்டால் வெறும் டப்பா.

அறைக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். ஏதோ ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பீக்கர் எங்கே சார் என்று முதல் நாளே கேட்டேன்.

"வெச்சா சினிமாப் பாட்டு கேட்டுகினு குந்திருப்பீங்க தம்பி. அப்பால எவனாவது ஆட்டையப் போட்டுகினு பூடுவான். அதான் பத்தரமா பீரோல வெச்சிக்கீறேன்" என்றார். சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். சத்தம் கேட்டது.

எங்கள் ஊர் மண்ணூரில் எல்லோரும் என்னைக் கேட்டார்கள், உனக்கெதுக்குடா இன்டர்நெட்டு என்று. எனக்கு வந்த ஒரு கடிதத்தையும் அதுவரை நான் முதலில் படித்ததில்லை. தபால்காரர் படிப்பார், அண்ணி படிப்பார், ஷிப்ட் முடிந்து வந்து அண்ணன் படிப்பான். கடைசியாகச் சோற்றுக்கு நடுவே எனக்குச் சுருக்கம் வரும். "ஒண்ணுமில்லடா, அந்த வேலைக்கு வேற ஆள் எடுத்துட்டாங்களாம்." கல்லூரியில் கூடப் படித்த பெண் எழுதிய கடிதத்தைத் தெருவே கூடிப் படித்தது. அதில் பாதியை எனக்குச் சொல்லவில்லை என்று இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அந்தச் சமயத்தில் சென்னையில் நடந்த ஒரு பயிற்சியில் அந்த மூக்குக் குரலோடு பழகிக்கொண்டேன். பல நாடுகளிலிருந்தும் பார்வையற்றவர்கள் எழுதிக்கொள்ளும் மின்னஞ்சல் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கேதான் ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பழக்கமானார். அவருக்கும் பார்வை இல்லை. நாக்கில் என்னைவிட விஷம் அதிகம். அவர் பள்ளிக்கு யாரோ வெளிநாட்டார் கணினிகளை அனுப்பினார்களாம். பள்ளியில் மின்சாரம் கிடையாது. தலைமையாசிரியர் கணினிகளைத் துணி போட்டு மூடிவைத்து, விருந்தாளி வரும்போது மட்டும் துணியை எடுப்பாராம். இவரோ மினிபஸ் பிடித்து டவுனுக்குப் போய், அங்குள்ள கடையில் காசு கொடுத்து எங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் கதையை நான் சென்னையிலிருந்து எழுதியபோது உடனே பதில் போட்டார்: உன் காதை அடுத்தவன் பீரோவில் வைக்காதே, சட்டைப்பையில் இயர்போன் வைத்துக்கொள்.

வைத்துக்கொண்டேன். அண்ணனின் பழைய வாக்மேன் இயர்போன். சி.பி.யூ.வின் முதுகைத் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்துச் செருகினால் குரல் காதுக்குள் வந்துவிட்டது. உடனே மானிட்டரை அணைத்தேன். எனக்கு அது தேவையில்லை, பின்னால் நின்று படிக்கிறவர்களுக்கும் தேவையில்லை.

ஒரகடத்தில் ஓர் ஆலையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். நேரில் போனபோது மேனேஜர் இங்கிதமாகத்தான் பேசினார். ஆனால் இப்போது பாதித் தகவல் மெயிலில்தான் வருகிறது, அதைப் படித்து ஆள்களிடம் சொல்ல வேண்டும், உன்னால் ஆகுமா என்றார். ஆகும் என்றேன். சரி, ஒருநாள் கேள்வி அனுப்புவேன், அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நீயே பதில் போடு, மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். எங்கள் நிலம் கம்பெனிக்குப் போய்விட்டது. அண்ணன் ஓர் ஆலையில் அசெம்பிளி லைனில் நிற்கிறான், அண்ணியும் வேலைக்குப் போகிறார். நான் மட்டும் வூட்டுக்குக் காவல். அந்த வேலை எனக்கு வேண்டும். அவ்வளவு வேண்டும் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அதனால் தினமும் தண்டலம் போனேன். ஒருநாள் கேள்விகள் வந்தன. இரவு ஷிப்டுக்கு வர முடியுமா என்பது அதில் ஒன்று. தாராளமாக, நான் இருக்கும் இரவுகளில் விளக்கைக்கூட நீங்கள் போட வேண்டியதில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கொஞ்சம் திமிர்தான். அடுத்த வரியில் இருந்தபோது காதுக்குள் குரல் செத்துப்போனது.

"சார், கரண்டு போச்சா?"

"நான்தான் நிறுத்துனேன். ஸ்க்ரீன் கருப்பாக் கீது, நீ பாட்டுக்குச் சும்மா குந்திகினு கீற. பில்லு யாரு கட்றது?"

எழுதியதெல்லாம் போய்விட்டது. கண் தெரியாதவனுக்குக் கணினி ஓட வேண்டுமானால் திரையில் வெளிச்சம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவரைத்தான் எங்களுக்குப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி மறுபடி ஓடவிட்டு, முதலிலிருந்து எழுதினேன். பாதி வந்திருக்கும், வாசலில் வண்டிகள் வந்து நின்றன. தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தாளிகள்.

பொறுப்பாளர் ஓடிவந்து என் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினார். போட்டோவில் ஒயர் தொங்கினால் அசிங்கமாம். மானிட்டரைப் போட்டார். என் கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தார். அம்பு எங்கே போகிறது என்று பார்க்க முடியாதவனுக்கு மவுஸ் ஒரு சோப்புக்கட்டிதான். "அசையாத, கொஞ்சம் சிரி" என்றார். ஒப்புக்குச் சப்பாணியாகச் சிரித்துக்கொண்டு, சோப்புக்கட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கேமரா க்ளிக் க்ளிக் என்றது.

பெரிய அதிகாரி என் தோளில் கை வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "இதே மாடலை ஆப்பிரிக்காவுக்கும் கொண்டு போகப் போறோம். அங்க இருக்கிற இவங்களை மாதிரி ஆளுங்களுக்கும் இந்த எம்பவர்மென்ட் கிடைக்கணும்." கைதட்டினார்கள். பிறகு அவர் குனிந்து, திரையிலிருந்த என் பதிலை உரக்கப் படித்தார். விளக்கு போட வேண்டாம் என்ற வரியைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். என் தெரு மறுபடி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது போலிருந்தது.

"பிரமாதமா இருக்கே. யார் டைப் பண்ணது?"

"நான்தான் சார் அடிச்சிக் குடுத்தேன்" என்றார் பொறுப்பாளர்.

"அப்ப மிச்சத்தையும் நீங்களே அடிச்சிருங்க சார். எனக்கு நேரமாவுது" என்றேன்.

அதையும் ஜோக்கென்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டு, பிஸ்கட் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மேசைக்கடியில் தேடி இயர்போனை எடுத்துச் செருகி, மானிட்டரை அணைத்து, மிச்சத்தை அடித்து அனுப்பினேன். அனுப்பியாயிற்று என்றது மூக்குக் குரல். அதே சூட்டில் மலாவிக்கும் ஒரு வரி போட்டேன்: உங்கள் ஊருக்கு வரப் போகிறார்கள், ஜாக்கிரதை.

வேலை கிடைத்தது. அந்த ஆலையில் ஸ்பீக்கரையும் கொடுத்தார்கள், ஹெட்போனையும் கொடுத்தார்கள், யாரும் சொற்பொழிவாற்றவில்லை. தண்டலத்து அறையில் என் படத்தைப் பெரிதாக்கி, இந்த அறையால் வேலை பெற்றவர் என்று எழுதி மாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். சோப்புக்கட்டியோடு நான் சிரிக்கிற படம்தான்.

வார லீவில் ஒருநாள் அங்கே போய் மெயிலைத் திறந்தேன். மலாவியிலிருந்து பதில் வந்திருந்தது. "வரட்டும். பீரோவை மட்டும் உங்கள் ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல். மூடிவைக்க எங்களிடம் ஏற்கெனவே துணி இருக்கிறது."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பொறுப்பாளர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"இன்னா தம்பி, தனியா சிரிச்சிகினு கீற? இன்னா வந்துகீது? மானிட்டரப் போடு, நானும் படிக்கிறேன்."

அவர் கை என்னைத் தாண்டி சுவிட்சுக்குப் போனது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு வந்தது சார்" என்றேன்.