மோட்டார் படகுக்கு எந்த விசிறி?

இன்னைக்குக் காவேரியில நடந்ததைச் சொல்லாம இருக்க முடியலைங்க!

மெட்ராஸ்ல வாங்கின படகு மோட்டாரோட, தண்ணியைத் தள்ளுற விசிறி ரெண்டு வந்துது. ஒண்ணுல இலை நல்லா முறுக்கி இருக்கும். ஒரு சுத்துக்கு ரொம்பத் தூரம் தள்ளும். இன்னொண்ணுல முறுக்கு கம்மி, ஒரு சுத்துக்குக் கொஞ்சமாத்தான் தள்ளும்.

நான் எதை மாட்டுவேன்? முறுக்குனதைத்தான்! நேத்து ஒத்தையா ஓட்டிப் பார்த்தேன், படகு பறந்துது.

இன்னைக்கு அக்கரையில குலசாமிக்குக் கெடா வெட்டு. சம்சாரம், சித்தப்பா, அத்தைமாருங்க, பொங்கப் பானை, கெடா எல்லாம் படகுல ஏறியாச்சு. ஒருத்தரை விட்டுட்டுப் போனாலும் அப்புறம் சொந்தத்துல தலைகாட்ட முடியுமா?

மோட்டார் முக்குது, புகையைக் கக்குது, படகு நகர மாட்டேங்குது. பக்கத்துல பரிசல்ல போன மச்சான் கேட்கிறார், "ஏனுங்க மாப்ள, கயிறு போடட்டுங்களா?"

சம்சாரம் கெடாயைப் பிடிச்சுக்கிட்டே சொன்னா: "நேத்து நீங்க மட்டும் போனீங்க. இன்னைக்கு வீடே ஏறியிருக்குது. கெணத்துல தண்ணி எறைக்கிற கவலையில ரொம்பப் பெரிய தோல் பறியைக் கட்டுனா மாடு இழுக்குமுங்களா?"

சட்டுன்னு உறைச்சுது. கோல் ஊனிக் கரைக்குத் தள்ளிட்டுப் போய், முறுக்கு கம்மியான விசிறியை மாட்டினேன்.

அடேயப்பா! மோட்டார் சத்தமே மாறிப்போச்சு. நடு ஆத்துல பரிசலைத் தாண்டும்போது மச்சானுக்கு நான் கயித்தைத் தூக்கிக் காட்டுனேன்!

முறுக்குன விசிறி இப்போ சும்மா கிடக்குது. நம்ம சொந்தத்துல கோயிலுக்கு ஒத்தையாப் போறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, குடுத்துடறேன்.