சேகர் சொன்ன ரகம்

போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றேன். சிரிக்காதீர்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருப்பீர்கள்!

அபிராமபுரத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் கீழே கலாவின் வீடு. கலா கணக்கு டீச்சர். கணவர் சேகர் இரண்டு மாதத்துக்கு முன் காலையில் வாக்கிங் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்... அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்ததும் கலா அவருடைய அறையைப் பூட்டிவிட்டாள். உள்ளே போகத் தைரியம் வரவில்லை என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

செவ்வாயன்று மேலே வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, கொஞ்சம் கீழ வாங்களேன். அவர் ரூம்ல சத்தம் வருது."

எலியாக இருக்கும் என்றேன்.

"எலி சொடக்கு எடுக்குமா?"

சேகருக்கு அந்தப் பழக்கம் உண்டு. எதையாவது யோசித்தால் விரல் விரலாகச் சொடக்கு எடுப்பார். பத்து நாளாக மதியமானால் அந்தச் சத்தம் வருகிறதாம். கடற்காற்று எழுந்தால் நின்றுவிடுகிறதாம். வேலை செய்ய வரும் செல்வி துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சொல்லிவிட்டாள்: "ஐயா உள்ளதான் கீறாரு. நான் அந்தப் பக்கம் பெருக்க மாட்டேன்."

கதவுக்கு முன்னால் நின்றோம். வெளியே பத்து நாளாக வீசும் அனல் காற்று. வீட்டுக்குள் ஃபேன்கூட ஓடவில்லை.

டக்.

சத்தியமாகச் சொடக்குதான். அதைத் தொடர்ந்து எதுவோ தரையில் உருண்டு ஓடுகிற சத்தம். நான் இரண்டடி பின்வாங்கினேன்.

கலா பயப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கதவில் கன்னத்தை வைத்து, மெதுவாக, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கேட்டாள்: "பழசாங்க?"

சத்தமில்லை. நான் மனசுக்குள் முப்பதுவரை எண்ணினேன்.

"புதுசா?"

டக்.

"பாத்தீங்களா? மூணு நாளா இதே பதில்தான்க்கா" என்று திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

விஷயம் இதுதான். சேகருக்கு வந்தவாசிப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம். ஏழுமலை என்பவர் பாதிக்குப் பாதி என்று பயிர் வைக்கிறார். சோயா மொச்சை. மீல் மேக்கரைத் தாண்டி சோயாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதிலும் ரகம் ரகமாக உண்டாம். வருஷா வருஷம் போடும் பழைய ரகம் ஒன்று. காய் அதிகம் பிடிக்கிற புது ரகம் ஒன்று. போன போகத்தில் புதுசை ஒரு பாத்தி மட்டும் போட்டுப் பார்த்தார்கள். இந்த வருஷம் எதைப் போடுவது என்று முடிவு சொல்வதற்குள் சேகர் போய்விட்டார். இப்போது மழை பெய்துவிட்டது, ஏழுமலை கேட்கிறார். கலா யாரைக் கேட்பாள்?

கேட்டுவிட்டாள். காலையிலேயே ஏழுமலைக்கு போன் போட்டு, "அவர் புதுசுதான் சொல்லியிருக்கார்" என்று சொல்லியும்விட்டாள்.

அப்போதுதான் கதவிடுக்கில் ஏதோ அசைந்தது. மஞ்சளாக, உருண்டையாக ஒன்று உருண்டு வந்து கலாவின் கால்விரலில் முட்டி நின்றது. கத்தியே விட்டேன்! கலா குனிந்து எடுத்தாள். சோயா.

உடனே சாவியை எடுத்துவந்து பூட்டைத் திறந்தாள்.

மேற்கு ஜன்னல் ஒருக்களித்துத் திறந்திருந்தது; அனல் காற்று அது வழியாக வந்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னால், கம்பியில் இரண்டு காய்ந்த செடிக்கட்டுகள். ஒன்றில் காயெல்லாம் மூடியபடி இருந்தது. இன்னொன்றில் காய்கள் பிளந்து முறுக்கிக்கொண்டிருந்தன. தரை முழுக்க விதை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காய் 'டக்'கென்று வெடித்து விதையை அலமாரி வரைக்கும் எறிந்தது.

"குப்பையை வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்கன்னு சண்டை போட்டிருந்தேன்" என்றாள் கலா. "எனக்குத் தெரியாம மாட்டியிருக்கார்."

ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு. சேகரின் கையெழுத்து. வெடித்ததில் 'புதுசு' என்று இருந்தது.

கலா உடனே போன் போட்டு, பார்த்ததைச் சொன்னாள். ஸ்பீக்கரில் ஏழுமலை பதறினார். "ஐயோ அம்மா! வெயில் பட்டா எது தாங்குது, எது வெடிக்குதுன்னு பாக்கத்தான் ஐயா கட்டு எடுத்துக்கினு போனாரு. வெடிக்கிற ரகத்தைப் போட்டா, அறுக்க ரெண்டு நாள் லேட்டானாலும் வெதையெல்லாம் நெலத்துலயே கொட்டிடும். எனக்கு அந்த வருஷமே போச்சு. ஐயாவே பாத்துச் சொல்லிட்டாருன்னு நீங்க சொன்னதால நான் வாயைத் தொறக்கல. வெதை எடுக்க இப்பதான் கடைக்குக் கெளம்பினேன்!"

"போகாதீங்க ஏழுமலை. பழசையே போடுங்க."

"சரிம்மா. வூட்லயே எடுத்து வச்சது கீது."

யோசித்துப் பாருங்கள். சேகர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, தினமும், அவர் அறையிலிருந்தே. 'இது வேண்டாம், வேண்டாம்' என்று அந்தக் கட்டு வெடித்து வெடித்துச் சொன்னதை, 'இதுதான் வேண்டும்' என்று எடுத்துக்கொண்டோம். போனவர்கள் பேசுவார்களா என்பது கிடக்கட்டும்... பேசினாலும் நமக்குப் புரியுமா? அது சரி, மூன்று நாளும் 'பழசா' என்றபோது ஏன் ஒரு காய்கூட வெடிக்கவில்லை? அதற்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம்.

புதிர் விடுபட்ட சந்தோஷத்தில் விதைகளைப் பெருக்கலாமா என்று கேட்டேன். கலா புது ரகக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இன்னும் வெடிக்காமல் பத்துப் பதினைந்து காய்கள் இருந்தன.

"இதெல்லாமும் வெடிச்சு முடிஞ்சிட்டா... அப்புறம் மத்தியானத்துல சத்தமே வராதில்லக்கா?"

நேரே போய் ஜன்னலைச் சாத்தினேன் — காற்றுப் படாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் தாங்குமே!