லமினேட் செய்த கடிதத்தோடு பெர்லினுக்கு

2005 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் டோர்ட்மண்டிலிருந்து பெர்லினுக்குப் போனோம். காரணம் ஒரேயொரு கடிதம். நான் பள்ளியில் படித்த காலத்தில், ஜேர்மனியிலேயே பிறந்த கறுப்பினப் பெண் கவிஞர் ஒருவர் எங்கள் நூலகத்துக்கு வந்து கவிதை வாசித்தார். பிறகு நான் அனுப்பிய கவிதைக்கு, "உன்னிடம் அகதிக் கதையை மட்டும்தான் கேட்பார்கள். நீ மழையைப் பற்றியும் எழுது" என்று கைப்படப் பதில் எழுதினார். அவர் இறந்ததும் வாடகை வீட்டின் சொந்தக்காரர் அவருடைய தாள்களைக் குப்பையில் போடப் பார்த்தாராம். தோழிகள் அள்ளிக்கொண்டுபோய் ஒரு காப்பகம் அமைத்து, கடிதம் வைத்திருப்பவர்கள் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

வார இறுதிச் சீட்டு முப்பது யூரோ, ஐந்து பேர்வரை போகலாம். விரைவு ரயிலில் ஏற முடியாது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, நான்கு இடங்களில் மாறி, இரண்டு மணிக்குச் சேர்ந்தோம். ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். அக்காவின் இடியப்பம் ஹனோவரிலேயே முடிந்துவிட்டது.

காப்பகம் நாலாம் மாடியில் மூன்று அறை. லிஃப்ட் இல்லை, முழங்கால் வலிக்காரர் யோசித்துப் போங்கள். யன்னல்தோறும் வெளிப்பக்கம் அவருடைய வரிகளை ஓவியர்கள் தீட்டிய துணிகள் தொங்கின. தெருவில் போகிறவர் பிடிக்காவிட்டாலும் வாசித்தே ஆகவேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை!

பொறுப்பாளர் கவிஞரின் தோழி. கையுறையோடு கடிதத்தை வாங்கியவரின் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, பிளாஸ்டிக்கில் சூடுவைத்து ஒட்டிவிட்டீர்களே! இனிப் பிரித்தால் தாள் கிழிந்துவிடும்."

அக்காவுக்கு டொச் மொழி விளங்காவிட்டாலும் முகம் விளங்கியது.

"என்னடி, வேண்டாம் எண்டு சொல்லுறாவோ? விசாப் பேப்பருகளோடை நான்தான் இதையும் லமினேட் பண்ணினனான். முக்கியமான பேப்பர் எண்டுதானே செய்தது! எங்களிட்டைப் பேப்பர் இல்லாட்டி ஆளே இல்லை எண்டு சொல்லுவினம். அதைச் சொல்லு அவவுக்கு."

சொன்னேன். அந்த அம்மா கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுடைய தாள்களையும் நாங்கள் அப்படி நினைத்துத்தான் தூக்கி வந்தோம். மற்றதெல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது. இது வாசிப்பு மேசையில் இருக்கட்டும்."

போக விரும்புகிறவர்களுக்கு: சனிக்கிழமை இரண்டு முதல் ஆறு வரை திறந்திருக்கும், கட்டணமில்லை. சீட்டு ஒரு நாளுக்குத்தான், தங்குமிடம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய கடிதங்களைத் தயவுசெய்து லமினேட் செய்யாதீர்கள். மேசையில் இருக்கும் எங்கள் கடிதத்தை மட்டும் வெறுங்கையால் எடுத்து வாசியுங்கள். ஒன்றும் ஆகாது, அக்காவின் வேலை அவ்வளவு திறம்.